பத்துக்குப் பத்து

வாசல் கதவைப் பூட்டிவிட்டு நான்கு முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனபின் மனசு கேட்காமல் திரும்பி வந்து ஐந்தாவது முறையும் இழுப்பாள். பாலை முகர்ந்து பார்ப்பது, தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, "வந்துட்டே இருக்கேன்" என்று கணவர் போனில் சொன்னால் பின்னால் பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வது, எல்லாம் அவளுக்குப் பிறவிக் குணம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அந்த மனிதர் இருபது வருடத்தில் பழகிப்போய்விட்டார். "உன் கண்ணுக்கு நானே டேமேஜ் பீஸாத்தான் தெரியறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எந்தக் குணத்துக்கும் உலகத்தில் எங்காவது ஒரு நாற்காலி இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த நாற்காலி ஊசி மருந்துக் குப்பிகள் செய்யும் கண்ணாடி ஆலையில் இருந்தது. குப்பிகளைக் கேமரா வைத்துச் சோதிக்கும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. எந்தக் கேமரா வாங்குவது, எங்கே பொருத்துவது, எந்த விளக்கு போடுவது, எதைக் குறை என்று தள்ளச் சொல்வது, எல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். குப்பியின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் கிருமி உள்ளே போகும். அந்த மருந்து முன்பின் தெரியாத யாரோ ஒருவர் உடம்பில் ஏறும். அதனால் அங்கே சந்தேகப்படுகிற ஆளுக்குத்தான் மரியாதை. முகத்துக்கு நேரே அவளை 'அக்கா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'எக்ஸ்ரே' என்பார்கள். இரண்டுமே அவள் காதில் விழும்.

இரண்டு வருடத்துக்கு முன் அடிப்பக்கச் சோதனைக்குக் கேமரா வாங்கியபோது நடந்ததை ஆலையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். விற்க வந்தவர் பெட்டியைத் திறந்து ஏழெட்டுக் கேமராக்களை மேசையில் பரப்பினார்.

"மேடம், இது இருபது மெகாபிக்சல். கலர் வேற. இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"நான் என்ன நிலாவையா படம் எடுக்கப்போறேன்? குப்பியோட அடி முப்பது மில்லிமீட்டர். நான் பிடிக்க வேண்டிய விரிசல் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அது மேல நாலு புள்ளியாவது விழணும். குறுக்கே எத்தனை புள்ளி வேணும், நீங்களே சொல்லுங்க."

அவர் மனக்கணக்குப் போட்டார். "ஆயிரத்து இருநூறு."

"அதுக்கு எதுக்கு இருபது மெகா? நொடிக்கு எட்டு குப்பி ஓடுது. அவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்தா கம்ப்யூட்டர் முழிச்சிட்டு நிக்கும், குப்பி பாட்டுக்குப் போயிடும். அப்புறம், விரிசலுக்கு ஏதுங்க கலரு? கறுப்பு வெள்ளையே போதும். படத்தை வரிவரியாப் படிக்கிற கேமராவும் வேண்டாம். குப்பி ஓடுற வேகத்துல வட்டம் முட்டையாத் தெரியும். மொத்தத்தையும் ஒரே மூச்சில எடுக்கிறது எதுன்னு காட்டுங்க."

பெட்டியிலேயே சிறியதாக இருந்த ஒன்றை அவர் வெளியே எடுத்தார். அவள் அதையும் நம்பவில்லை. மூன்று வாரம் இரவலாக வாங்கி, ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். வாசலில் காவல்காரரிடம் அவர் சொல்லிவிட்டுப் போனாராம்: "அந்தம்மா நான் பொறந்த தேதியைக்கூட ஓட்டிப் பாத்துத்தான் நம்புவாங்க போல."

கேமராவைத் தரையோடு தரையாக, மேல்நோக்கிப் பார்க்கும்படி ஓர் இரும்புப் பெட்டிக்குள் பொருத்தினாள். இரண்டு பக்கமும் ரப்பர் பட்டைகள் இடுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக, ஒவ்வொரு குப்பியும் தன் அடியைக் காட்டியபடி அதற்கு மேலே பறக்கும். சுற்றிலும் வளையமாகச் சிவப்பு விளக்கு. குறை தெரிந்தால் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் சதுரம் விழும். பக்கத்திலிருந்து 'புஸ்' என்று காற்று ஊதிக் குப்பியைத் தொட்டிக்குள் தள்ளும்.

சரி, கேமரா சரியாகப் பார்க்கிறதா என்று யார் பார்ப்பது? அதற்கும் வழி வைத்தாள். விரிசல் விட்ட பத்துக் குப்பிகளைப் பொறுக்கி எடுத்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினாள். ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்திலும் அந்தப் பத்தையும் ஓட்ட வேண்டும், பத்தையும் மெஷின் தள்ள வேண்டும். ஒன்று தப்பினாலும் லைன் ஓடக் கூடாது. 'ஜெயில் பெட்டி' என்று அதற்குப் பெயர் விழுந்தது. குப்பிகள் கைதிகள்.

கைதிகளில் ஒன்று நல்ல குப்பிகளோடு கலந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவளை ஒரு வாரம் அரித்தது. அடையாளம் வைக்கலாம், ஆனால் அடையாளத்தைக் கேமரா பார்த்துவிடுமே. யோசித்து யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குச் சிவப்பு விளக்கின் கீழே சிவப்பு மை தெரியாது. கண்ணாடியோடு கண்ணாடியாக மறைந்துபோகும். மனிதக் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். பத்துக் குப்பிகளின் அடியிலும் தன் கையாலேயே ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட பெருமையை அளக்க எந்தக் கேமராவாலும் முடியாது.

அந்த லைனில் காலை ஷிப்ட் பார்த்தவன் அவளுடைய கொழுந்தன், கணவரின் தம்பி. வயது முப்பத்தொன்று, மாடியில் மனைவியோடு குடியிருந்தான். வேலைக்கு அவள்தான் சொன்னாள். சொன்ன கையோடு மேலாளரிடம், "என் கொழுந்தன்னு பாக்காதீங்க, எல்லாரையும் பாக்கிற மாதிரியே பாருங்க" என்றும் சொன்னாள். உண்மையில் அவள்தான் அவனை எல்லாரையும் பார்ப்பது போல் பார்க்கவில்லை, ஒரு படி கூடுதலாகவே பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், பதினொரு வயதுப் பையனாக இருந்தவன், அவளுடைய அலாரக் கடிகாரத்தை உடைத்து, அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்து, "எனக்குத் தெரியாது அண்ணி" என்று கண்ணை அகல விரித்துச் சொன்னான். அரிசிக்குள்ளிருந்து அது அடித்துத்தான் குட்டு வெளிப்பட்டது. வீட்டில் எல்லாரும் சிரித்து மறந்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

நான்கு மாதத்துக்கு முன் சிவப்பு விளக்கை எடுத்துவிட்டு நீல விளக்கு போட்டாள். மெல்லிய விரிசல் நீலத்தில் இன்னும் நன்றாக மின்னும். அது சரியான முடிவுதான். மாற்றி முடிக்கையில் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தலைமாட்டில் நின்றார். "முடிஞ்சுதா? லைன் நிக்குதும்மா." கைதிகளை ஓட்டினாள். முதல் தடவையிலேயே பத்துக்குப் பத்து. லென்ஸ் வளையத்தை யாரும் திருகிவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு சொட்டுப் பசையை வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையிலிருந்து முதல் குப்பி திரும்பி வந்தது. அடியில் விரிசல். அடுத்த வாரம் இரண்டு. மாத முடிவுக்குள் ஏழு. குப்பியின் மேலிருந்த எண்ணை வைத்து எந்த ஷிப்ட் என்று பார்த்தாள். ஏழில் ஐந்து, காலை ஷிப்ட்.

அவளுக்கு மூக்கில் வேர்த்தது. கணக்கைப் புரட்டினாள். மெஷின் தள்ளும் குப்பிகளின் எண்ணிக்கை இரண்டு மூன்று மாதமாகவே குறைந்திருந்தது. உலைக்காரர்கள் அதைத் தங்கள் திறமை என்று பீற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அதை நம்பவில்லை. மெஷினோ தினமும் பத்துக்குப் பத்து வாங்குகிறது. அப்படியென்றால் மெஷினில் கோளாறு இல்லை. மெஷினில் கோளாறு இல்லையென்றால் மனிதனில் கோளாறு. கேமரா பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. பழுது பார்க்கும்போது அதைப் போட்டுவிட்டால் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும், வருவதெல்லாம் போகும். உற்பத்தி எண்ணிக்கையை ஏற்றிக் காட்ட நினைக்கிற எவனும் காலையில் கைதிகளை ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் அந்தச் சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம்.

ஜாடையாகக் கொழுந்தன் வாயைக் கிளறிப் பார்த்தாள்.

"காலையில ஏன் விரிசல் அதிகமா வருது?"

"கண்ணாடி லாரிக்காக ஷட்டரை ஆறு மணியிலேர்ந்து தொறந்தே வைக்கறாங்க அண்ணி. குப்பி சூடா வருது, மேல குளிர் காத்து அடிக்குது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், யாரும் கேக்கல."

கேட்ட கேள்விக்கு இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருக்கிறானே என்று அவளுக்குச் சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. தயாரான பதில் என்றாலே அவளுக்கு அரிசி டின் ஞாபகம் வந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் உள்ளே வந்தால் அவன் போனைப் பைக்குள் போடுகிறான். அவனுடைய மேல்சட்டைப் பையில் ஒரு துணி எப்போதும் துருத்திக்கொண்டிருக்கிறது. கேமரா பெட்டியின் சாவி அவன் இடுப்பில் தொங்குகிறது. சாவியை அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தது அவளேதான். ஆனாலும் அது தொங்குகிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை அவனுக்கு முன்பே போய், தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, பெட்டியின் கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டினாள். மத்தியானம் போய்ப் பார்த்தாள். முடி இல்லை. மறுநாளும் ஒட்டினாள். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவனை நேராகக் கேட்டாள்.

"பெட்டியைத் தொறந்தியா?"

"தொறந்தேன் அண்ணி. தினமும் தொறக்கறேனே. கண்ணாடித் தூள் மேலேர்ந்து கொட்டுது. உள்ள இருக்கற கண்ணாடியைத் துடைக்கறேன்."

"யாரு சொல்லித் துடைக்கறே?"

"யாரும் சொல்லல. அழுக்கா இருந்துது, துடைச்சேன்."

"சுவிட்ச்?"

"எந்த சுவிட்ச்?" என்று கண்ணை அகல விரித்தான்.

அந்தக் கண்ணைப் பார்த்ததோடு அவளுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினாள்: இயந்திரம் சரியாக இருக்கிறது, தினசரிச் சோதனையில் பத்துக்குப் பத்து, காலை ஷிப்டில் யாரோ பெட்டியைத் திறக்கிறார்கள். பெயர் எழுதவில்லை. காலை ஷிப்டில் சாவி ஒருவனிடம்தான் இருக்கிறது என்று மட்டும் எழுதினாள். மேலாளர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. விசாரணை என்பது பேருக்குத்தான், கடிதம் டைப்பாகிவிட்டது. மருந்துக் குப்பியில் கைவைத்தான் என்று எழுதிவிட்டால் அப்புறம் இந்தத் தொழிலில் எந்த ஆலையும் அவனை வாசலில்கூட நிற்க விடாது.

வீட்டில் அந்த மூன்று நாளும் படிக்கட்டில் பேச்சு நின்றுபோனது. ஓரகத்தி கீழே தண்ணீர் பிடிக்க வரும்போது எட்டிப் பார்த்து, அவள் இருந்தால் அப்படியே திரும்பிப் போனாள். கணவர் சாப்பிட்டபடி தட்டைப் பார்த்துச் சொன்னார்:

"அவன் துடைச்சேன்னு சொல்றான்."

"சொல்லுவான். கடிகாரம்கூடத் தெரியாதுன்னுதான் சொன்னான்."

"அப்ப அவனுக்குப் பதினோரு வயசுடி."

அவர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் லைன் ஓடவில்லை. விசாரணைக்குக் காகிதம் பலமாக இருக்க வேண்டும் என்று, கைதிகள் பிடிபடும் படங்களை அச்செடுக்கப் போனாள். நீல விளக்கு போட்டதிலிருந்து தினமும் வந்த எண்ணிக்கையைத் திரையில் ஓட்டினாள். பத்து, பத்து, பத்து. நான்கு மாதமும் பத்து. சிவப்பு விளக்கு இருந்த காலத்தில் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை ஒன்பது வரும், குப்பியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். இப்போது ஒரு நாள்கூட ஒன்பது இல்லை. ஒரு தடவைகூடத் தவறாத ஆளை அவள் வாழ்க்கையில் நம்பியதில்லை. மெஷினை மட்டும் எப்படி நம்பினோம் என்று முதல் தடவையாக ஒரு நமைச்சல் எடுத்தது.

படங்களைத் திறந்தாள். நான்கு மாதமாக அவள் எண்ணிக்கையைத்தான் பார்த்தாளே தவிர, படத்தைப் பார்க்கவே இல்லை. விரிசல் ஒவ்வொரு குப்பியிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். சிலதில் ஓரத்தில், சிலதில் வளைவில். ஆனால் மஞ்சள் சதுரம் பத்துப் படத்திலும் நட்டநடுவில் விழுந்திருந்தது. சதுரத்துக்குள்ளே மைபோல் ஒரு கறுப்புப் புள்ளி.

'எவனோ புள்ளி வச்சிருக்கான்!' என்றுதான் முதலில் அவள் மனம் கத்தியது. ஜெயில் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியைக் கவிழ்த்தாள். அடியில் அவளுடைய சிவப்புப் பொட்டு.

சிவப்பு விளக்கில் மறையும் சிவப்பு, நீல விளக்கில் கன்னங்கரேலென்று தெரியும். கேமரா பாடத்தில் இது முதல் பக்கம். நான்கு மாதமாக மெஷின் விரிசலைப் பிடிக்கவே இல்லை. அவள் வைத்த பொட்டைப் பிடித்து, அவளுக்குப் பத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பத்துப் பொட்டையும் துடைத்தாள். ஓட்டினாள். நான்கு குப்பிகளைத் தள்ளியது. ஆறு குப்பிகள் நல்ல பிள்ளைகள் போல் போய் நின்றன.

ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் லென்ஸுக்குப் பின்னால் ஒரே இடத்தில் குவியாது. விளக்கை மாற்றினால் லென்ஸையும் மறுபடி திருகிக் கூர்மையாக்க வேண்டும். அன்றைக்கு முதல் ஓட்டத்திலேயே பத்து வந்ததால் அவள் திருகவில்லை. விரிசல்கள் எல்லாம் மங்கலாகிப்போயின. போதாக்குறைக்கு, மங்கலோடு சேர்த்து அந்த இடத்தைப் பசை வைத்துப் பூட்டியும் இருந்தாள்.

பசையைச் சுரண்டினாள். வளையத்தை ஒரு மயிரளவு திருப்பினாள். திரையில் விரிசல்கள் ஒவ்வொன்றாக வெள்ளி நூல் போல் எழுந்து வந்தன. ஓட்டினாள். பத்து. இந்தத் தடவை உண்மையான பத்து.

பிறகு உள்ளே இருந்த காப்புக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தாள். கொழுந்தன் போய் மூன்றே நாள் ஆகியிருந்தது. அதன் ஓரங்களில் கண்ணாடித் தூள் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் படிந்திருந்தது. மேல்நோக்கிப் பார்க்கும் கேமராவுக்குத் தூசி தட்டும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அந்த ஏற்பாடு ஒரு துணியோடு தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் வீட்டுக்கு அனுப்பினாள்.

கூடத்தில் ஒருவரும் இல்லை. அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். லென்ஸ் சரியாகிவிட்டது. பொட்டு போய்விட்டது. பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனால் திங்கட்கிழமையிலிருந்து ஒரு விரிசலும் தப்பாது. 'பார்த்தியா, அவன் போனதும் எல்லாம் சரியாயிடுச்சு' என்று ஆலை முழுக்கப் பேசும். அவள் எக்ஸ்ரேயாகவே இருக்கலாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைகளுக்குப் போன நான்கு மாதச் சரக்கு நினைவுக்கு வந்தது. கண்ணை அகல விரித்து "எந்த சுவிட்ச்?" என்று கேட்டவன் நினைவுக்கு வந்தான். அவனுக்கு உண்மையிலேயே அந்தச் சுவிட்ச் எதுவென்று தெரியாது.

எழுந்து போய், திருத்திய வளையத்தைப் பழைய பசைத் தடத்துக்கே திருப்பிவைத்தாள். தப்பிய ஆறில் ஒரு குப்பிக்கு மட்டும் மறுபடி சிவப்புப் பொட்டு வைத்தாள். தான் வரும் வரை லைன் ஓடக் கூடாது என்று எழுதி மெஷின் மேல் ஒட்டினாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேலாளரைக் கையோடு அழைத்துவந்து, இருந்த கோலத்திலேயே ஓட்டிக் காட்டினாள்.

"அஞ்சுதான் வருது" என்றார் அவர். "பொட்டு வச்சது மட்டும் நடுவுல மாட்டுது. அப்ப தப்பு யார் மேல?"

"என் மேல. பொட்டு வச்சது நான், விளக்கு மாத்தினது நான், லென்ஸைச் சரி பண்ணாம விட்டது நான். அவன் கண்ணாடியைத் துடைச்சான். அவ்வளவுதான் அவன் பண்ணினது."

"நாலு மாசச் சரக்கும்மா!"

"தெரியும் சார். எல்லாத்தையும் திருப்பி வரவழைக்கணும். எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

மேலாளர் அதற்கு மேல் பேசிய பேச்சை எழுதிப் பயனில்லை. கேமரா வாங்கும் கையெழுத்து அன்றே அவளிடமிருந்து போயிற்று. கொழுந்தனுக்கு டைப்பான கடிதத்தை அவள் கண் முன்னால் கிழித்தார். மறுநாள் முதல், கொழுந்தன் சொன்ன குளிர் காற்றைத் தடுக்க, ஷட்டருக்கு உட்பக்கம் தடித்த திரை தொங்கியது.

அன்று சாயங்காலம் அவளே மாடியேறினாள். ஓரகத்தி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பொட்டு, விளக்கு, லென்ஸ், தலைமுடி வரைக்கும் சொன்னாள். "என்னை மன்னிச்சிடுப்பா" என்றாள். இருபது வருடத்தில் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் பார்ப்பாளே, அதே பார்வை.

"நிஜமாத்தான் சொல்றீங்களா அண்ணி? இல்ல, நான் என்ன சொல்றேன்னு பாக்கறதுக்கு ஏதாவது பண்றீங்களா?"

"நிஜமாத்தான்."

"சரி" என்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

புதன்கிழமை அவன் வேலைக்குத் திரும்பினான். மத்தியானம் லென்ஸை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவள் கேமரா பெட்டியருகே குனிந்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஒரு கறுப்பு நூல், இரண்டு முனையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அவள் ஒட்டிய இடத்துக்கு நேர் அதே இடத்தில்.

சாவி அவள் கையில்தான் இருந்தது. நிமிர்ந்து, லைன் மறுகோடியில் நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"லென்ஸைப் பாக்கணும்" என்றாள். "நீயே தொறந்து விடு."